முதலில் வந்தது பணம் அல்ல

நாட்டின் பொருளாதார வளர்ச்சி விகிதம் ஏறினால் மக்கள் நலம் முதலான மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார், முதலீட்டைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். வங்கதேசத்தில் அப்படி நடக்கவில்லையே! 1980களில் அது பரம ஏழை நாடு. அப்போதே பிராக் (BRAC) என்ற அந்நாட்டுத் தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்க இதைத் தாய்மார்களையே கலக்கச் சொல்லிப் பழக்கினார்கள். அந்தத் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம்! வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவது வெகுவாகக் குறைந்தது. ஆயத்த ஆடை ஏற்றுமதிப் பணம் பெருகியது அதற்குப் பிறகுதான். அந்தத் தொழிலிலும் 2013இல் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தொழிலாளர்களை உள்ளே வேலைக்கு அனுப்பினார்கள், பாவிகள். முதலீட்டைப் பற்றி இவ்வளவு எழுதியவர் தொழிலாளர் பாதுகாப்புக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.