மஞ்சள் பையைத் தூக்குகிறவரிடமும் கேளுங்கள்

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் இயந்திரத்தின் பட்டிக்குக் காப்பு மூடி போட்டிருக்கிறதா என்று பார்க்கத் தொழில் திணைக்களத்துப் பரிசோதகர் வருவார். இலங்கையின் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் நோயாளியைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட தாதியையோ, வாட்டுக் கழிவைச் சுமக்கும் சிற்றூழியரையோ மனதில் வைத்து அந்தச் சட்டம் எழுதப்படவில்லை என்பது அதன் பெயரிலேயே தெரிகிறது.

என் சின்னம்மா மலையக வைத்தியசாலை ஒன்றில் சிற்றூழியராக இருந்தவர். ஒரு மழைக்கால விடியற்காலையில் அவர் தொற்றுக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கியபோது, கூர்ப்பொருள் பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய ஊசியொன்று பையைத் துளைத்துக்கொண்டு வந்து அவருடைய தொடையில் ஏறியது. "கழுவிட்டு வேலையைப் பாருங்க" என்றார்கள். அவரும் கழுவிவிட்டு மிச்சப் பைகளைத் தூக்கினார். அந்தக் காயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏற்றச் சொன்னால் தன் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெப்படைட்டிஸ் பி தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு 30 வீதம் வரை போகலாம். எச்.ஐ.வி.க்கு அது 0.3 வீதம்தான், ஆனால் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கலந்து கட்டிய பைக்குள் கிடந்த ஊசி யாருக்குப் போட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. பாவித்த ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் இருப்பதும், பெட்டி முக்கால்வாசி நிறைந்தவுடன் மாற்றுவதும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

வைத்தியசாலைகளில் பாதுகாப்புப் பரிசோதனையே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிறார்கள். அன்றைக்குக் கட்டில் விரிப்பு புதிது, பினாயில் வாசம் வாசல் வரை வரும். சங்கிலி போடாமல் சுவரோரம் நிற்கும் ஆளுயர ஒட்சிசன் சிலிண்டர், அதுவும் உள்ளே நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அடைத்து வைத்த சிலிண்டர், அன்றைக்கு மட்டும் வேறோர் அறைக்குப் போய்விடும். சரிவில் படிப்படியாகக் கட்டிய பழைய கட்டடங்களுக்கு நடுவே, தென்மேற்குப் பருவ மழையில் பாசி பிடித்த நடைபாதையில் தள்ளுகட்டிலை இரண்டு பேர் எப்படிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பதை வெயில் நாளில் வருகிறவர் எங்கே காண்பது?

2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழில்சார் பாதுகாப்புக்கென்று ஒரு தேசிய நிறுவகமே நாட்டில் இருக்கிறது. என் கோரிக்கை சிறியது. பரிசோதகர் அறிவிக்காமல், இரவுக் கடமை நேரத்தில் வரட்டும். பணிப்பாளரின் அறையில் தொடங்காமல் பின்பக்கத்துக் கழிவுக் கொட்டகையில் தொடங்கட்டும். பை தூக்குகிறவரிடம் தமிழில் கேட்கட்டும். தெரியாத மொழியில் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள்.

சின்னம்மாவின் இரத்தத்தை ஆறு மாதம் கழித்துத் தனியார் ஆய்வுகூடத்தில் சோதித்தோம். தொற்று இல்லை என்று வந்தது. அந்தச் சோதனைக்கும் பணம் கட்டியது நாங்கள்தான்.