அவர்களுக்கு இலை, எங்களுக்குத் தூளா?

அந்த வீடியோவை இனிமேல் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். சித்தி மகன் மட்டும் மூன்று குரூப்பிலிருந்து மூன்று தடவை. பார்த்துவிட்டேன். ஐந்து ஊர் பிளாக் டீயை வரிசையாக வைத்து, கண்ணாடிக் கப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிக் காட்டி மார்க் போட்டாரே ஒரு தம்பி, அதேதான். டார்ஜிலிங் முதலிடம். சிலோன் இரண்டு, சீனத்துக் கீமன் மூன்று, அசாம் நான்கு. கடைசியில் எங்கள் மூணாறு. உதட்டைப் பிதுக்கி, "இது வெறும் சாயம்ங்க, பால் ஊத்தினாதான் வாயில வைக்க முடியும்" என்று ஒரு சிரிப்பு வேறு.

கடைசியில் வந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. (இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.) நாலாவது நிமிடத்தில் வீடியோவை நிறுத்தி, கப்பை விட்டுவிட்டுத் தட்டுகளைப் பாருங்கள். டார்ஜிலிங் தட்டில் முறுக்கிய நீள இலை. சிலோனும் இலை. கீமன் தட்டில் கம்பி மாதிரி மெல்லிசாகக் கறுத்த இலை. அசாமில்கூட நுனிமொட்டு பொன் நிறத்தில் அங்கங்கே தெரிகிறது. மூணாறு தட்டில்? மூக்குப்பொடி மாதிரி டஸ்ட். டீக்கடைக்கு மூட்டையாகப் போகிற சிடிசி டஸ்ட். நாலு பேருக்கு இலை, எங்களுக்குத் தூள். இதற்குப் பெயர் போட்டியா?

விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கொழுந்தை ராத்திரி முழுக்க வாட வைத்து, உருட்டி, விரித்துப் போட்டு, நிறம் மாறியதும் காய வைத்தால் அது ஆர்த்தடாக்ஸ். இலை இலையாகவே இருக்கும். அதே வாடிய கொழுந்தைப் பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுத்தால் சிடிசி. அந்த மிஷின் 1930களில் அசாமில்தான் வந்தது, மூணாறில் இல்லை. இன்று இந்தியாவில் செய்கிற தேயிலையில் பெரும்பங்கு சிடிசிதான், அசாமையும் சேர்த்து. டஸ்ட் என்பது தரத்தின் பெயரும் இல்லை. சல்லடையில் எந்தக் கண்ணில் விழுந்தது என்பதன் பெயர். குப்பையைக் கூட்டி அள்ளியது என்று நினைத்துக்கொண்டு கமென்ட் போட்ட சார்களுக்காகச் சொல்கிறேன்: கொச்சி ஏலத்தில் டஸ்ட்டுக்குத் தனி விற்பனையே உண்டு. டார்ஜிலிங் கொழுந்தைக் கொண்டுவந்து அந்த உருளையில் விடுங்கள், அதுவும் சாயம்தான் தரும். அப்போது உதட்டைப் பிதுக்குவாரா?

"ஓஹோ, டார்ஜிலிங் நல்லாயில்லன்னு சொல்றியா?" இல்லை. சொல்லவே இல்லை. டார்ஜிலிங்கிடம் நான் தோற்ற கதையையே சொல்கிறேன், கேளுங்கள். ஏழெட்டு வருடம் முன்பு கடைக்கு வந்த ஒரு வங்காளி அம்மா, ஏலக்காய் வாங்கிவிட்டுப் போகும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். முதல் பறிப்பு, மார்ச் மாதத்துக் கொழுந்து. பிரித்தால் பாதி பச்சையாக இருக்கிறது. இது என்னடா கறுப்புத் தேயிலை என்று நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் கட்டன், அதாவது பால் இல்லாத டீ, போடுகிற மாதிரியே சட்டியில் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டேன். பாவி நான். வேப்பங்கொழுந்துக் கஷாயம் தோற்றது. மறுநாள் அவரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீரை இறக்கி வைத்து, இலையைப் போட்டு, மூடி, மூன்று நிமிடம், அவ்வளவுதான் என்று கடை ஸ்டவ்விலேயே செய்து காட்டினார். வெளிறிய மஞ்சள். குடித்தால் முதலில் ஒன்றுமில்லை. விழுங்கிய பிறகு மூக்குக்குப் பின்னால் ஏதோ பூ. மே, ஜூனில் எடுக்கிற இரண்டாம் பறிப்பில் திராட்சை வாசம் அடிக்கும், தத்துப்பூச்சி கடித்த இலையில் அது இன்னும் தூக்கலாக இருக்கும் என்றும் சொன்னார். பூச்சி கடித்ததற்கு அங்கே விலை கூடுகிறது, பாருங்கள்.

நான் அன்று செய்த தப்பைத்தான் தம்பி கேமரா முன்னால் செய்திருக்கிறார். ஐந்துக்கும் ஐந்து நிமிடம். இலை மெதுவாகத்தான் இறங்கும். டஸ்ட் ஒரு நிமிடத்தில் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடும். மீதி நாலு நிமிடம் கசப்பைத்தான் இறக்கியிருக்கிறார். போதாததற்குச் சென்னை பிளாட்டில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது. எங்கள் உயரத்தில் 95-லேயே கொதித்துவிடும். "டீ டேஸ்டர்களே எல்லாத்துக்கும் ஒரே நேரம்தான வைக்கிறாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வைக்கிறார்கள் சார். ஆனால் அவர்கள் டஸ்ட்டை டஸ்ட்டோடு வைப்பார்கள்.

அடுத்த கேள்வியும் தெரியும். "உனக்கு டீத்தூள் கடை இருக்கு, அதான் குதிக்கிற." ஆமாம், கடை இருக்கிறது. ஏலக்காய், மிளகு, சாக்லேட், தேயிலை. சாக்லேட்டைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் ஒரு வரிகூட எழுத மாட்டேன். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, தலையில் துண்டு, காலில் அட்டைக்குப் பூச புகையிலைத் தண்ணீர். ரிட்டையர் ஆகி இத்தனை வருடம் கழித்தும் அவரது ஆள்காட்டி விரல் ஓரத்தில் அந்தக் கறுப்புக் கறை போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஃபேக்டரி ஜன்னலோரம் நிற்போம். வாடுகிற கொழுந்து அறுத்த புல் மாதிரி மணக்கும். உருட்டி விரித்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் அதே வாசம் பழுத்த கொய்யாவாக மாறும். உள்ளே ஒரு பெரியவர் குனிந்து, ஒரு கை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்து, "எடு" என்பார். கடிகாரம் பக்கத்திலேயே தொங்கும். அவர் அதைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்த மூக்குக்குத்தான் தம்பி கடைசி மார்க் போட்டிருக்கிறார்.

சரி, நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. "மூணாறுல இலை டீயே கம்மிதானே, கிடைச்சதைத்தானே அவர் வாங்குவார்?" கம்மிதான். ஒத்துக்கொள்கிறேன். கொழுந்து வெட்டுகிற கத்திரி வந்த பிறகு விரலால் கிள்ளுவது குறைந்துபோனது, கூலியும் கிலோ கணக்கைத்தான் பார்க்கிறது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தேயிலை. கேட்பவர்கள் எல்லாம் பால் டீக்குச் சாயம் இறங்குகிற தூளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கம்மி என்றால் இல்லை என்று அர்த்தமா? சூரியநெல்லியில் ஜீப் ஏறி, முதுகெலும்பு கழன்றாலும் பரவாயில்லை என்று கொழுக்குமலைக்குப் போயிருக்கலாமே. கிட்டத்தட்ட 7,900 அடி. பழைய மிஷினில் இன்றைக்கும் ஆர்த்தடாக்ஸ் ஓடுகிறது. டிசம்பர், ஜனவரிப் பனியில் அசாமிலும் டார்ஜிலிங்கிலும் செடி தூங்கும். எங்களுக்கும் நீலகிரிக்கும் அந்த மாதங்களில்தான் கொழுந்துக்கு மணமே கூடும். நீலகிரிக் கட்டனில் ஐஸ் போட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி நிற்கும். அசாம் கலங்கிவிடும். அதற்காக அசாம் மட்டமா? பால் ஊற்றினால் நீலகிரி காணாமல் போய்விடும், அசாம் நிற்கும். இதற்கெல்லாம் எப்படி ஐயா ஒன்று, இரண்டு, மூன்று போடுவீர்கள்?

கொழுக்குமலை பேரைச் சொன்னதுமே ஒருவர் வருவார், தெரியும். "அது தேனி மாவட்டம், தமிழ்நாடு. மூணாறு கணக்குல சேர்க்காதே." இடம் தேனி மாவட்டம், போகிற ரோடு இடுக்கி. எங்களை மாதிரியே. இங்கே கேரளத்தில் நாங்கள் பாண்டி, அதாவது தமிழ்நாட்டு ஆள். போடிக்கு இறங்கினால் "மலையாளத்து ஆளு வந்துட்டாங்க" என்று எங்கள் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். இப்போது தேயிலையிலும் அதே கதையா? அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1924 வெள்ளம் அந்த ரயிலையே அள்ளிக்கொண்டு போனது. தொங்கிப் போன பெட்டியைப் பார்த்து நீ எந்த மாநிலம் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

எழுத வந்தது தட்டைப் பற்றி, எங்கேயோ போகிறேன். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தம்பி இரண்டாம் மார்க் கொடுத்தாரே, அந்தச் சிலோன். ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867-ல் லூல்கந்துராவில் தேயிலை போட்டார், காபிச் செடியை நோய் தின்ற பிறகு அது தீவு முழுக்கப் பரவியது, எல்லாம் சரி. கொழுந்தை எடுத்தது யார்? என் பாட்டிக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். பாட்டி இந்த மலை ஏறினார். தங்கச்சி, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு கப்பலேறி நுவரெலியாவுக்குப் போனார். 1948-ல் இலங்கை குடியுரிமை தராமல் விட, நாடில்லாதவர் ஆனார். இவர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தம் வந்து, பல வருடம் கழித்து, கோத்தகிரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அங்கேயும் தேயிலைதான். சின்னப் பாட்டி பறித்தது சிலோன் டீ, அப்புறம் நீலகிரி டீ. என் பாட்டி பறித்தது மூணாறு டீ. ஒரே வயிற்றில் பிறந்த விரல்கள். ஒன்றுக்கு இரண்டாம் இடம், இன்னொன்றுக்கு "வெறும் சாயம்".

"ஒரு டீக்கு இவ்வளவு அழுகையா?" ஆமாம், இவ்வளவுதான். பிடிக்காவிட்டால் அன்ஃபாலோ செய்யுங்கள்.

தம்பி, நீங்கள் இதைப் படித்தால் முகவரியை இன்பாக்ஸில் போடுங்கள். இலை அனுப்புகிறேன், காசு வேண்டாம். இலையை இலையோடு வைத்து இன்னொரு தடவை குடியுங்கள். அப்போதும் கடைசி மார்க் போட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரும், இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்தேன். அவர் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நீளத்துக்கா இலை இருக்கும்?" என்றார். முப்பத்தொரு வருடம் பறித்தவர். வீட்டுக்கு வந்ததெல்லாம் தூள்தான், இலையாகக் காய்ந்ததை அவர் குடித்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் இருந்த கொழுக்குமலைப் பாக்கெட்டைப் பிரித்து, வங்காளி அம்மா சொன்ன மாதிரியே இறக்கி வைத்து, மூடி, மூன்று நிமிடம் பார்த்து, வெள்ளைக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு இரண்டு மடக்குக் குடித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சப்புன்னு இருக்குடி" என்றார். "இதுல கொஞ்சம் நம்ம தூளைப் போட்டுக் கொதிக்க வச்சுக் கொண்டா."