லேசர் குண்டு குறி தப்பவில்லை, குறிதான் தப்பு

அண்ணா, சூலூர் விமானதளம் பற்றிப் பேசும்போது, "லேசர் குண்டு குறி தப்பாது, சொந்தப் படை மேல் விழுந்தால் அது வேண்டுமென்றே போட்டதுதான்" என்று எழுதியிருக்கிறீர்களுங்க. லேசர் ஒளி காட்டும் இடத்தைத் தேடிப் போய் விழும் குண்டு என்பதால் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதி தவறு.

2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். காந்தகார் அருகே தர்னாக் பண்ணையில் கனடா வீரர்கள் இரவில் நிஜத் தோட்டாக்களோடு சுட்டுப் பயிற்சி எடுத்தார்கள். மேலே போன அமெரிக்க எஃப்-16 போர் விமானிகளுக்கு அந்தப் பயிற்சி பற்றித் தெரியாது. கீழே தெரிந்த வெளிச்சத்தைத் தங்களைச் சுடுவதாக எடுத்துக்கொண்டார்கள். "சுடாதே, பொறு" என்று அவர்களை வழிநடத்திய கட்டுப்பாட்டாளர்களிடமிருந்து ரேடியோவில் உத்தரவு வந்தது. அப்புறமும் ஒரு விமானி தற்காப்பு என்று சொல்லி 500 பவுண்டு லேசர் குண்டைப் போட்டார். அது குறிவைத்த இடத்தில்தான் விழுந்தது. 4 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். அந்த விமானி கடமை தவறியதாக 2004-ல் தண்டிக்கப்பட்டார். கொலைச்சதி என்று யாரும் நிரூபிக்கவில்லை.

1991 வளைகுடாப் போரிலும் சண்டையில் இறந்த 148 அமெரிக்கர்களில் 35 பேர் சொந்தப் படையின் தாக்குதலில் போனவர்கள். எல்லாம் வானிலிருந்து விழுந்ததல்ல, தரையில் டாங்கிகள் சுட்டதும் நிறைய.

கீழே இருப்பது யார் என்பதைக் குண்டு பார்க்காது. அதை மனிதர்கள்தான் ரேடியோவில் சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விமானப்படைக்குப் போகிறார்கள். தயவுசெய்து அந்த வரியை மாற்றி எழுதுங்கண்ணா.