அந்த இரண்டு எழுத்தும் 'சாந்தி'யும்

எபிரேயத்தில் இறந்தவர் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டெழுத்துச் சுருக்கத்துக்கு 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று பொருள் என மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம்.

அந்த எழுத்துகள் ஸாயினும் லாமெதும். விரித்தால் 'ஸிக்ரோனோ லிவ்ராகா', அதாவது 'அவர் நினைவு ஆசியாக இருக்கட்டும்'. இறந்தவர் பெண் என்றால் 'ஸிக்ரோனா லிவ்ராகா', சுருக்கம் அதேதான். சாந்தி என்ற பேச்சே இதில் இல்லை. வேண்டப்படுவது போனவரின் ஓய்வு அல்ல, இருப்பவர்களிடம் அவர் விட்டுப்போன நினைவு. எனக்கு இந்த வேறுபாடு அழகாகவே படுகிறது.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? 'அவருக்குச் சமாதானம்' எனப் பொருள்படும் 'அலாவ் ஹஷாலோம்' என்ற தொடரும் வழக்கில் உண்டு. ஆனால் அதன் சுருக்கம் அயின், ஹே என்ற வேறு இரண்டு எழுத்துகள்.

எபிரேயம் தெரியாதவர்களும் இதைச் சரிபார்க்கலாம். சமாதானத்தைக் குறிக்கும் 'ஷாலோம்' தொடங்குவது ஷின் எழுத்தில்; நம் சுருக்கத்தில் இருப்பதோ ஸாயின். இணையத்தில் எபிரேய அரிச்சுவடிப் படம் ஒன்றைத் திறந்து, ஸாயினையும் ஷின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் 10:7-இன் எபிரேய மூலத்தை ஒலிபெயர்ப்போடு தேடினால் 'ஸேகெர் ஸத்தீக் லிவ்ராகா' என்று வரும். 'நீதிமானின் நினைவு ஆசிக்குரியது' என்ற அந்த வரியை ஒட்டி வந்ததுதான் இந்த வழக்கு.