இறந்துபோன நடிகர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டாம்

இரண்டாம் பாகம், ஆறாம் பாகம், கிளைக்கதை என்று படங்கள் வந்துகொண்டே இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிடித்த பாத்திரங்களை மறுபடி பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இறந்துபோன நடிகரின் முகத்தைக் கம்ப்யூட்டரில் செய்து திரையில் பேச விடுகிறார்கள். இதை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

'ஏலியன்: ரோமுலஸ்' (2024) நல்ல படம். அதில் ஆண்டி என்ற செயற்கை மனிதனாக டேவிட் ஜான்ஸன் நடித்திருக்கிறார். திக்கித் திக்கிப் பேசும் அப்பாவி. நடுவில் அவனுக்குள் வேறொரு சில்லைப் பொருத்தியதும் முதுகு நிமிர்கிறது, பேச்சு சீராகிறது, பார்வையில் இருந்த பாசம் அப்படியே போய்விடுகிறது. மேக்கப் மாற்றம் எதுவும் கிடையாது, எல்லாம் அந்த நடிகர் செய்தது.

அதே படத்தில் ரூக் என்று இன்னொரு செயற்கை மனிதன் வருகிறான். அவனுக்கு வைத்திருப்பது 1979-ல் வந்த முதல் படத்தில் நடித்த இயன் ஹோமின் முகம். அவர் 2020-லேயே இறந்துவிட்டார். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் செய்தார்கள். ஆனாலும் உதடு ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. முதல் படம் பார்க்காத என் மச்சான், "அந்த ஆள் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டான். நேரம் போதவில்லை என்று இயக்குநரே சொல்லி, வீட்டில் பார்க்கும் பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். இன்னும் கச்சிதமாகச் செய்திருந்தாலும் என் குறை தீர்ந்திருக்காது. ரூக் வேறொரு பாத்திரம், யார் வேண்டுமானாலும் நடித்திருக்கலாம். பழைய ரசிகன் அடையாளம் கண்டு பூரிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த முகத்துக்கு அங்கே வேலையே இல்லை. 2016-ல் 'ரோக் ஒன்' படத்தில், முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நடித்த பீட்டர் குஷிங்கைக் கொண்டுவந்தபோதும் எனக்கு இதேதான் தோன்றியது. அவர் இறந்தது 1994-ல்.

இதற்கு நேர் எதிராக 'டாப் கன்: மேவரிக்' (2022). வால் கில்மர் தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்திருந்தார். படம் அதை மறைக்கவில்லை. அவர் நடித்த ஐஸ்மேன் பாத்திரத்துக்கும் அதே நோய் என்று கதையிலேயே வைத்துவிட்டார்கள். அவர் கீபோர்டில் தட்டுகிறார், டாம் குரூஸ் திரையில் படித்துப் படித்துப் பதில் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்று, கரகரத்த குரலில் நாலு வார்த்தை பேசுகிறார். 1986-ல் பார்த்த திமிர் பிடித்த இளைஞனுக்கும் இந்த மனிதருக்கும் நடுவில் 36 வருஷம். அந்த வருஷங்கள் முகத்தில் தெரிகின்றன. தொடர்ச்சிப் படத்தால் மட்டுமே இதைத் தர முடியும். கில்மர் 2025 ஏப்ரலில் காலமானார்.

'ஃபைனல் டெஸ்டினேஷன்: பிளட்லைன்ஸ்' (2025) படத்தையும் சொல்ல வேண்டும். முதல் படத்திலிருந்தே வரும் டோனி டாட், உடல் மெலிந்து, நோயோடுதான் இதில் நடித்தார். ரசிகர்களுக்கு என்ன சொல்ல நினைக்கிறாரோ அதைச் சொந்த வார்த்தையில் சொல்லும்படி இயக்குநர்கள் விட்டுவிட்டார்கள். மரணம் எல்லோரையும் துரத்தும் கதையில் அவர் நிதானமாகப் பேசிவிட்டு நடந்து போகிறார். படம் வரும் முன்பே, 2024 நவம்பரில், அவர் இறந்துவிட்டார். தொண்டை அடைத்துவிட்டது எனக்கு.

'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேன் இறந்தபிறகு அதன் தொடர்ச்சியாக வந்த 'வகாண்டா ஃபாரெவர்' (2022) நீளமான படம், சில இடங்களில் இழுக்கிறது. ஆனாலும் கம்ப்யூட்டர் போஸ்மேனைச் செய்யாமல், அவரை இழந்த துக்கத்தையே கதையாக்கினார்களே, அந்த முடிவுக்கு என் மரியாதை.

நம் ஊரிலும் இது வந்துவிட்டது. 'இந்தியன் 2'-இல் விவேக்கும் நெடுமுடி வேணுவும் வருகிறார்கள். இருவரும் 2021-ல் மறைந்தவர்கள். ஆனால் அது வேறு கணக்கு. உயிரோடு இருந்தபோது அவர்கள் நடித்துக் கொடுத்த காட்சிகளைக் காப்பாற்றி முடித்துவைப்பது நியாயம்தான். 'கோட்' (2024) படத்தில் விஜயகாந்த் ஏ.ஐ. மூலம் வந்ததை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. குடும்பம் சம்மதித்தது, தியேட்டரில் விசில் பறந்தது, கேப்டன் மேல் வைத்த அன்பு அது. ஆனால் அந்தப் பார்வையை அவர் பார்க்கவில்லையே. எந்த வசனத்தில் நிறுத்த வேண்டும், எங்கே முறைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லையே.

பாத்திரம் கட்டாயம் வேண்டும் என்றால் வேறு நடிகரைப் போடலாம். 'மேட் மேக்ஸ்' வரிசையில் இம்மார்ட்டன் ஜோவாக நடித்த ஹியூ கீஸ்-பைர்ன் 2020-ல் இறந்தார். 'ஃபியூரியோசா'வில் (2024) அந்த வேடத்தை லாக்கி ஹியூமுக்குக் கொடுத்தார் ஜார்ஜ் மில்லர். முந்தைய படத்தில் ஃபியூரியோசாவாக நடித்த சார்லிஸ் தெரானை இளமையாக்கிக் காட்டலாமா என்று யோசித்து, அதையும் வேண்டாம் என்று விட்டு, அன்யா டெய்லர்-ஜாயை நடிக்க வைத்தார். படம் வசூலில் அடிவாங்கியது, ஆனால் அன்யா கண்ணை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்.

ரசிகர்களான நாமும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 'சோலோ' (2018) வந்தபோது இளம் ஹான் சோலோவாக நடித்த ஆல்டன் எரன்ரைக்கை, பழைய 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் அந்த வேடத்தில் நடித்த ஹாரிசன் ஃபோர்டோடு ஒப்பிட்டே ஒதுக்கிவிட்டார்கள். பையன் நன்றாகத்தான் செய்திருந்தான். அடுத்த முறை பழைய வேடத்தில் புது முகம் வந்தால், டிரெய்லர் வந்த அன்றே "அவர் மாதிரி வராது" என்று எழுதிவிடாமல் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.