புதிதாக ஓட்டுகிறவனைக் கடைசியில் விடாதீர்கள்

குரூப்பாக பைக்கில் கிளம்பும்போது வண்டிகளின் வரிசை எப்படி அமைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரிய எஞ்சின் வைத்திருப்பவன் முன்னால், அவனோடு போட்டி போடுகிறவன் அவனை ஒட்டி, போன மாதம் லைசென்ஸ் எடுத்தவனும் 125 சிசி வைத்திருப்பவனும் கடைசியில். "நீ மெதுவா வாடா, நாங்க முன்னாடி வெயிட் பண்றோம்." பாசத்தில் சொல்வதுதான், ஆனால் இருப்பதிலேயே மோசமான இடத்தை அவன் தலையில் கட்டுகிறோம்.

நானும் அதைச் செய்தவன்தான். பொங்கல் லீவில் திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்கு ஒன்பது வண்டிகள். முன்னால் வழிகாட்டிப் போகும் லீட் நான். சித்தப்பா மகன் ஒன்பதாவது. நான் 70ஐத் தாண்டவே இல்லை, நல்ல பிள்ளையாக ஓட்டினேன் என்று எனக்கே பெருமை. நாமக்கல்லில் டீக்கு நின்றபோது தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான், நெற்றியெல்லாம் வேர்வை. கிளட்ச் பிடித்த இடது கையை உதறிக்கொண்டே, "ஏண்ணா இப்படிப் பறக்குறீங்க? நான் 90க்கு மேல வந்துதான் உங்களைப் பிடிச்சேன்" என்றான். பொய் சொல்லாதடா என்றேன். அப்புறம் யோசித்தால், அவன் சொன்னதும் உண்மை, நான் ஓட்டியதும் உண்மை.

எப்படி என்றால், ஊருக்குள் ஒரு வேகத்தடை வருகிறது, எல்லோரும் நெருங்கி நின்று ஊர்ந்து ஏறி இறங்குகிறோம். நான் இறங்கியதும் கியரை மாற்றி 70க்குப் போய்விடுவேன். அடுத்தவன் நான் கிளம்பியதைப் பார்த்து ஒரு விநாடி தாமதிக்கிறான், அவனுக்கு அடுத்தவன் இன்னொரு விநாடி. ஒன்பதாவது வண்டிக்கு அது எட்டு விநாடி ஆகிவிடும். 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 19 மீட்டர் ஓடிவிடும், அப்படியென்றால் சுமார் 150 மீட்டர் கூடுதல் இடைவெளி. அதை மூட அவன் 90ல் கிட்டத்தட்ட அரை நிமிடம் ஓட்ட வேண்டும், மூடி முடிப்பதற்குள் அடுத்த ஊர், அடுத்த வேகத்தடை. முசிறி ரோட்டில் எத்தனை ஊர் என்று போனவர்களுக்குத் தெரியும்.

வேகத்தை விடுங்கள், ஓவர்டேக் இன்னும் மோசம். முன்னால் நாலு பேர் பஸ்ஸைத் தாண்டிப் போனதும் கடைசியில் இருப்பவன் எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு முன்னால் போனவன் முதுகைப் பார்க்கிறான். முதல் ஆள் போனபோது ரோடு காலியாக இருந்தது சரி, ஒன்பதாவது ஆளுக்கு அதே ரோடா இருக்கும்?

டீக்கடையிலேயே வரிசையை மாற்றினோம். தம்பி எனக்கு நேர் அடுத்து. என் கண்ணாடியில் அவன் எப்போதும் தெரிவான், அவன் திணறினால் நான் குறைப்பேன், நான் குறைத்தால் மொத்தக் கூட்டமும் குறைக்கும். கடைசியில், எங்களில் நிதானமான ஒருத்தர், பஞ்சர் போடத் தெரிந்தவர். கடைசி வண்டி என்பது அனுபவசாலியின் இடம், வேகத்துக்கு இளைத்தவனை ஒதுக்கிவிடும் இடம் அல்ல.

நேர் ரோட்டில் வரிசை இப்படி: லீட் தன் லேனின் வலது பக்கம், அடுத்தவன் இடது பக்கம், மூன்றாமவன் மறுபடி வலது. நேர் முன்னால் இருப்பவனோடு இரண்டு விநாடி, கோணத்தில் இருப்பவனோடு ஒரு விநாடி. ஜோடியாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நாய் குறுக்கே வந்தால் இரண்டு பேரில் யார் எந்தப் பக்கம் ஒடிப்பது? ஜோடி சேராமல் இப்படி மாறி மாறி இருந்தால்தான் லேனின் முழு அகலமும் உனக்கு. அப்புறம், முன்னால் இருப்பவன் கண்ணாடியில் அவன் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவனுக்குத் தெரியவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் இதே கணக்குதான்.

மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி தாண்டியதும் இந்த வலது இடதெல்லாம் முடிந்தது. 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும், ஒரு வளைவில் ஒரே வண்டி. முன்னால் போனவன் வளைந்து நிமிர்ந்த பிறகே அடுத்தவன் நுழைய வேண்டும். மேலிருந்து பஸ் இறங்கினால் அதற்கு ரோடு முழுக்க வேண்டும், வளைவுக்குக் கீழேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள். முப்பதாவது வளைவைத் தாண்டி ஓரிடத்தில் தம்பி இரண்டாவது கியரிலேயே ஏறப் பார்த்து எஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டது, ஒரு முழம் இருக்கும், காலை ஊன்றி முன் ப்ரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டான். பின்னால் வந்தவர் கீழேயே நின்றிருந்ததால் வெறும் ஒரு முழமாகப் போயிற்று. ஒட்டி வந்திருந்தால் இரண்டு வண்டியும் சாய்ந்திருக்கும், அந்தச் சரிவில் அதைத் தூக்கி நிறுத்துவது தனிக் கொடுமை.

இதையெல்லாம் சொன்னால் சில பேருக்கு ரோஷம் வருகிறது. "என்னைப் போய் இரண்டாவதா விடுறீங்க, நான் என்ன குழந்தையா?" தம்பியும் முதலில் அப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது தொட்டியம் பக்கம் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று, ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. நான் தாண்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவன் வரவில்லை, லாரிக்குப் பின்னாலேயே இருந்தான். கொஞ்ச தூரத்தில் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். நாலைந்து நிமிடம் கழித்து வந்தான், பின்னாலேயே மற்ற ஏழு வண்டிகளும். ஏன் லேட் என்று யாரும் கேட்கவில்லை.