சரியானது தெரிந்தும் தடுக்க முடியவில்லையே
பொறியியல் மாணவர்களுக்கு அறநெறிப் பாடத்தைக் கட்டாயமாக்கினால் பணியிடத் தவறுகள் குறைந்துவிடும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து 7 பேர் இறந்தார்களே, அங்கே பொறியாளர்களுக்கு எது சரி என்று தெரியாமலா இருந்தது? ராக்கெட் மூட்டுகளின் ரப்பர் வளையங்களால் பேரழிவு வரலாம் என்று, அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்தார். ஏவுவதற்கு முந்தைய இரவும், இந்தக் குளிரில் ரப்பர் இறுகிவிடும், ஏவவே வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். முதலில் அவர்கள் பக்கம் நின்ற பொறியியல் துணைத் தலைவரிடம், "பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடு" என்றார் மேலதிகாரி. ஏவலாம் என்று முடிவு மாறிவிட்டது. ஆக, மறுப்பவரின் சொல்லுக்கு நிறுவனத்தில் மதிப்பு வேண்டும். அந்தப் பழக்கம் கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனையில் விடை 980 செ.மீ/வி²-க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் பிள்ளைகள் ரீடிங்கையே மாற்றி எழுதுகிறார்கள். ஏன்? மதிப்பெண் விடைக்குத்தானே! நான் நடத்தும் வகுப்பில், 910 வந்தால் 910 என்றே எழுதி, பிழை எங்கே நுழைந்திருக்கும் என்று விளக்குபவருக்கு முழு மதிப்பெண் தருகிறேன். அப்புறம் ரீடிங்கை மாற்றுபவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.